நாளுக்கு ஓர் இலை

சாரதாமணி மறந்துபோன நாட்கள் அவள் வீட்டுப் பின்புறம், தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில், வல்லாரையாக முளைத்தன. மறந்த நாள் ஒன்றுக்கு இலை ஒன்று. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. 2021ஆம் வருடம் தை மாதத்தில் முதல் இலையைப் பார்த்த அவள் கணவர் கந்தவேல் அதைக் களை என்று நினைத்தார். குனிந்து பிடுங்க இடுப்பு ஒத்துழைக்காததால் விட்டுவிட்டார். அடுத்த சித்திரைக்குள் அது தொட்டியைச் சுற்றிக்கொண்டு துணி துவைக்கும் கல்வரைக்கும் படர்ந்திருந்தது. குமாரபாளையத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயக்கழிவு கலந்த ஓடைத் தண்ணீர் ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் ஊதாவாகவும் ஓடுவதைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு, ஒரு பச்சை இலை எம்மாத்திரம்?

அந்த இலையின் குணம் முதலில் தெரியவந்தது பக்கத்து வீட்டுச் சகாயம்மாளுக்கு. அவள் ஒரு பிடி பறித்துத் துவையல் அரைத்துச் சாப்பிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனாள். கோயிலில் முழங்கால் போட்டிருக்கும்போது, சேலத்தில் ஒரு பல் டாக்டர் முன்னால் தான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்குத் துல்லியமாக ஞாபகம் வந்தது. சகாயம்மாளுக்கு முப்பத்திரண்டு பல்லும் கல்லு மாதிரி. அவள் நேராகக் கந்தவேல் வீட்டுக்கு வந்து நின்றாள்.

“ஏனுங்ணா, அக்காளுக்குப் பல்லுப் புடுங்கச் சேலம் போனீங்களா? நீங்க வெளியில உக்காந்து முறுக்குத் தின்னுட்டு இருந்தீங்களா?”

“அது பத்து வருசம் இருக்குமே. உனக்கு யாரு சொன்னது?”

“யாரும் சொல்லுலீங்ணா. எனக்கு வலிச்சுது,” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள் சகாயம்மாள்.

ஒரே மாதத்தில் அந்தத் தெருவில் பதினைந்து பேர் வல்லாரை தின்றார்கள். இஸ்திரிக்காரர் தின்ற இலையில், தீபாவளிக்கு முந்தின நாள் கந்தவேல் தறியில் பாவு நூல் அறுந்த கோபத்தில் சாரதாமணியைப் பேசிய பேச்சு இருந்தது. அன்றிலிருந்து அவர் கந்தவேலின் சட்டைக்கு மட்டும் கஞ்சி போடுவதில்லை. பெண்கள் சாரதாமணியைப் பார்த்தால் நின்று, கையைப் பிடித்து, இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டுப் போனார்கள். இவளோ அவர்கள் யாரென்று தெரியாமல் சிரித்தாள்.

அவளுக்கு அப்போது அறுபத்தோரு வயது. முதலில் பால் அடுப்பில் இருப்பதை மறந்தாள், பிறகு பால் வாங்கியதை, பிறகு பால்காரரை. ஈரோட்டு நரம்பு டாக்டர் படமெடுத்துப் பார்த்து அல்சைமர் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையின் சரக்கு முதன்முதலில் ஒரு குளிர்தேசப் பூச்செடியின் கிழங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்று மகள் அகல்யா சொன்னாள். அகல்யாவுக்கு அது தெரிந்திருந்ததில் வியப்பில்லை. நாமக்கல் பக்கம் ஒரு பார்மசி காலேஜில் மூலிகைப் பாடம் நடத்துபவள். ஆராய்ச்சிப் பட்டத்துக்காக வல்லாரை, அதிமதுரம், மஞ்சள் என்று காய்ச்சி வடித்து, மறதிக்கு எது தாங்கும் என்று மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலேஜ் பக்கத்தில் தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அவள் அப்பாவுக்கு அதை விளக்கினாள். “ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லறதுக்குன்னு ஒரு பொருள் இருக்குதுங்கப்பா. அது போய்ச் சேந்தாத்தான் ஞாபகம். நொதின்னு ஒண்ணு நடுவுல இருக்குது. அது வர்ற சேதியை வழியிலேயே தின்னுபோடும். அம்மாவுக்குச் சேதியே கம்மியாத்தான் வருது. அதுலயும் இது தின்னுட்டா என்ன மிஞ்சும்? அந்த நொதியோட வாயைக் கொஞ்சம் கட்டறதுதான் இந்த மாத்திரையோட வேலை. வல்லாரையும் அதைச் செய்யுமான்னு பாக்கறோம்.”

கந்தவேல் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். தண்ணீர் குடித்தார். “செய்யுதா?” என்று கேட்டார்.

“கண்ணாடிக் குழாய்க்குள்ள செய்யுது. குழாய்க்குள்ள ஜெயிச்சா மண்டைக்குள்ள ஜெயிச்சதா அர்த்தமில்லீங்க.”

தெருவில் நடப்பதைக் கேள்விப்பட்ட அகல்யா பின்புறத்து இலைகளைப் பறித்துக்கொண்டு போய் ஆய்வகத்தில் சோதித்தாள். உழவர் சந்தையில் வாங்கிய வல்லாரையின் சோதனைக் கோடும் இந்த வல்லாரையின் கோடும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படிந்தன. மயிரிழை வித்தியாசம் கிடையாது. ஆனாலும் ஓர் இலையைக் கழுவி அம்மாவின் வாயில் வைத்தாள். சாரதாமணி மென்றாள், முகத்தைச் சுளித்தாள், பிறகு மேட்டூர் அணையில் பதினாறு கண் மதகைத் திறந்துவிட்ட நாளில் செருப்பு ஒன்று தண்ணீரில் போனதையும், மீன் வறுவல் விற்றவள் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்ததையும், அவள் பெயரையும் ஊரையும் சொன்னாள். அடுத்த நாளும் சொன்னாள், அடுத்த மாதமும் சொன்னாள். அவளே தின்ற இலையின் நாள் அவளை விட்டு மறுபடி போகவில்லை. அடுத்தவர் தின்றதோ தின்றவரிடமே நின்றுவிட்டது. யாரும் பறிக்காத இலை ஒரு மாதத்தில் பழுத்து உதிர்ந்தது.

அகல்யா உடனே கம்பி வேலி போட்டாள். தெருக்காரர்களிடம் கை கூப்பிக் கேட்டுக்கொண்டாள். அவர்களும் நாகரிகமாக விலகிக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஐந்து இலைக்கு மேல் கொடுத்தால் சாரதாமணிக்குத் தலைவலி வந்தது, நாட்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு அழுதாள். தினமும் முளைப்பது பத்து, கொடுக்க முடிவது ஐந்து; வார நாட்களுக்கானதை அகல்யா பறித்து வைத்துவிட்டுப் போவாள், கந்தவேல் ஊட்டுவார். இலையைப் பார்த்து அது எந்த நாள் என்று சொல்லவும் வழியில்லை. தெரிந்தது ஒன்றுதான்: நேற்றைய இலை தொட்டியை ஒட்டி முளைத்தது, பழைய வருடங்கள் மதில் பக்கம் போய்க்கொண்டிருந்தன. முதல் வருடத்தில் 2010க்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. அடுத்த வருடம் 2003. அதற்கடுத்த வருடம் மதிலை ஒட்டி 1997 துளிர்த்தது. ஒரு வருடத்துக்குள் நாட்கள் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துதான் வந்தன. அகல்யா இதையெல்லாம் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினாள். ஒரே ஒரு நோயாளியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று அவர்கள் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். அது நியாயம்தான் என்று அகல்யாவும் சொன்னாள்.

வருடங்கள் பின்னால் போகப் போகக் கந்தவேல் மதில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் அவர் ஒரு காரியம் செய்திருந்தார்.

சாரதாமணி ஆசிரியப் பயிற்சி முடித்தவள். கல்யாணத்துக்கு முன்பே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துவிட்டு, தவணை தவறாமல் புதுப்பித்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு நடுவே தறி நாடாவுக்கான நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கோடை மத்தியானம் தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கந்தவேலின் சாயப்பட்டறையில் வைத்து அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். தம்மம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் சாரதாமணியை ஆசிரியையாக நியமித்திருந்தார்கள். கந்தவேல் இரண்டு முறை படித்தார். தம்மம்பட்டி எங்கே இருக்கிறது, குமாரபாளையம் எங்கே இருக்கிறது? போனால் அவள் அங்கேயே தங்க வேண்டும். தார் சுற்ற ஆள் இல்லை, சோறாக்க ஆள் இல்லை, ஊரில் நாலு பேர் பெண்டாட்டி சம்பாத்தியம் என்று பேசுவார்கள். சாய அண்டாவுக்குக் கீழே விறகு எரிந்துகொண்டிருந்தது. உறையை அதில் போட்டார். அது தறி இரண்டாக இருந்தபோதா, நான்கான பிறகா, எந்த வருடம் என்று யோசித்தால் அவருக்குப் பிடிபடவில்லை. தான் செய்த தப்பின் தேதியைக்கூட வைத்துக்கொள்ளாத மனுஷனாகத்தான் அவர் இருந்தார். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதும் முப்பது வருடமாகத் தெரியவில்லை. அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. பதிவைப் புதுப்பிப்பதை மட்டும் ஏதோ ஒரு வருடத்தில் நிறுத்திவிட்டாள்.

தெரியும் என்றால், அந்த நாளும் மதிலோரம் ஓர் இலையாக வரும். அகல்யா அதைப் பறித்துத் தன் கையாலேயே அம்மாவுக்கு ஊட்டுவாள். அந்த நினைப்பில் கந்தவேல், சாரதாமணி குளிக்கப் போகும் பத்து நிமிடத்தில், வேலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து மதிலோரத்து இலைகளைப் பறித்தார். சாக்கடையில் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். அவள் உயிரோடு இருந்து கழித்த ஒரு முழு நாளைச் சாக்கடையில் போடக் கை வரவில்லை. தின்றார்.

ஒரு நாளைக்கு மூன்று இலை வீதம் ஒரு வருடம் தின்றார். ஆயிரத்துச் சொச்சம் நாட்கள். பெரும்பாலானவற்றில் எதுவும் நடக்கவில்லை. விடியலில் எழுந்து தண்ணீர் பிடிப்பது, சோறு, தார், சோறு, தார். கட்டைவிரலில் நூல் அறுத்த கோட்டின் எரிச்சல் மட்டும் எல்லா இலையிலும் இருந்தது. இப்போது அது கந்தவேலின் கட்டைவிரலில் எரிந்தது. தன் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டதும் அவள் பாட்டை நிறுத்துவதை அவர் உள்ளிருந்து கேட்டார். அவள் பாடுவாள் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. தான் தூங்கும்போது வாய் திறந்திருப்பதை அவள் பார்த்துச் சிரித்த சிரிப்பையும், ஆடி மாதம் ஒரு நாள் தனியாகக் காவிரிக்குப் போய் இடுப்பளவு தண்ணீரில் வெறுமனே நின்றுவிட்டு வந்ததையும் தின்றார். ஒவ்வொன்றைத் தின்னும்போதும் இது அந்த நாள் இல்லை என்று ஒரு நிம்மதி, இது அவளுக்குப் போயிருக்க வேண்டியது என்று ஒரு குத்தல். நாளடைவில் நிம்மதி சுருங்கிக்கொண்டே வந்தது. குத்தல் அப்படியே இருந்தது.

மதிலோரம் இலை குறைவதை அகல்யா கவனித்தாள். சகாயம்மாள் வீட்டில் மேச்சேரியிலிருந்து வாங்கி வந்த செம்மறி ஒன்று இருந்தது; பழி அதன் தலையில் விழுந்தது. “ஆடு வேலி தாண்டாதுங்க கண்ணு, அது பாவப்பட்ட ஜென்மம்,” என்று சகாயம்மாள் சொல்லிப் பார்த்தாள். கந்தவேல் பக்கத்தில்தான் நின்றார், வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரச் சந்தையில் அவள் ஆட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றைக்கும் அவர் மூன்று இலை தின்றார்.

அந்த வருடம் கார்த்திகையில் அவர் தின்ற ஓர் இலை 1995ஆம் வருடத்தது: பவானி ஆஸ்பத்திரியில் அகல்யா பிறந்த நாள். பாதியில் துப்பப் பார்த்தார், முடியவில்லை. நாள் உள்ளே போய்விட்டது. அதில் வலியெல்லாம் அடங்கிய பிறகு, துணியில் சுற்றிய குழந்தையைப் பார்த்துச் சாரதாமணி நினைத்த நினைப்பு ஒன்று இருந்தது: ‘இவளுக்கு வர்ற லெட்டரை நான் வாங்கிக் குடுப்பேன்.’ கந்தவேல் துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை அகல்யா வந்தபோது சாரதாமணி எழுந்து நின்று, “வாங்க டீச்சர். யாரைப் பாக்க வந்தீங்க?” என்றாள். அகல்யா பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள். பிறகு, அன்றும் மறுநாளும், தான் பிறந்த நாளின் இலையாவது கிடைக்காதா என்று மதிலோரம் ஒவ்வோர் இலையாகப் பறித்து ஊட்டிப் பார்த்தாள். அப்பா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேடிய இலை தை மாதம் அவர் வாய்க்கு வந்தது. 1993, ஜூன், செவ்வாய்க்கிழமை. சாரதாமணி தூக்குப்போணியில் மோர் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வருகிறாள். மூங்கிலில் சாயம் தோய்த்த சிவப்பு நூல் சிட்டங்கள் ஈரத்தோடு தொங்குகின்றன. அவற்றின் இடுக்கில், கணவன் கையில் அரசாங்க முத்திரை போட்ட உறையைப் பார்க்கிறாள். அவன் படிப்பதைப் பார்க்கிறாள். அவன் குனிவதையும் பார்க்கிறாள். கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல், சத்தமில்லாமல் திரும்பி நடக்கிறாள். வீட்டுக்கு வந்து மோர் முழுவதையும் தானே குடிக்கிறாள். கோபம் வரும் என்று கந்தவேல் உள்ளே காத்திருந்தார், வரவில்லை. வந்தது ஒரு தீர்மானம்: ‘நானாக் கேக்க மாட்டேன். என்னிக்காவது அவரே சொல்லுவாரு. அதுவரைக்கும் பொறுத்திருப்பேன்.’ அவள் முப்பது வருடமாகக் காத்திருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தக் காத்திருப்பு தொடங்கிய நாளை இப்போது அவரே தின்று முடித்துவிட்டார்.

அதன்பிறகு அவர் வேலிக்குள் போகவில்லை. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வேலியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அகல்யா, “ஆடு போயும் இலை போயிட்டுத்தான் இருந்துருக்குதுங்கப்பா. வேற ஏதோ திங்குது,” என்றாள்.

“ஆடு திங்கலை சாமி. நாந்தான்.”

அவள் நிமிர்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். உறையை, அண்டாவை, ஆயிரம் நாட்களை, பவானி ஆஸ்பத்திரியை. அகல்யா வேலிக் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். “எனக்கு எதுக்குங்க சொல்றீங்க? சொல்ல வேண்டியவங்க உள்ள இருக்காங்க,” என்றாள்.

சாரதாமணி நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். கந்தவேல் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். “சாரதா, உனக்கு வாத்தியார் வேலை வந்துச்சு. லெட்டரை நாந்தான் வாங்குனேன். உன்ற கிட்டச் சொல்லாம அடுப்புல போட்டு எரிச்சுப் போட்டேன்.”

அவள் கை நின்றது. “அடப் பாவமே. எந்தப் புள்ளைக்குங்க வந்த லெட்டரு?”

“உனக்குத்தான்.”

“அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியும். பாத்துருச்சு. பாத்துட்டு, நானே சொல்லுவேன்னு சும்மா இருந்துச்சு.”

“எத்தனை நாளு?”

“முப்பது வருசம்.”

சாரதாமணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப அதுகிட்டயல்ல போய்ச் சொல்லோணும்? என்றகிட்டச் சொன்னா எப்படீங்க?” என்று சொல்லிவிட்டு அடுத்த காயை எடுத்தாள்.

அகல்யா அன்றைக்கு மத்தியான பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை சாரதாமணி எல்லாவற்றையும் மறந்திருந்தாள். தொட்டியை ஒட்டி நேற்றைய நாள் முளைத்திருந்தது, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு, பனியோடு. கந்தவேல் அதன் முன்னால் குந்தினார். தின்றுவிட்டால் இனி அது அவரோடு போகும். விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் பழுத்து விழும். இரண்டையும் யோசிக்கத்தான் செய்தார்; அவர் மகான் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் கயிறு வெறும் முளைக்குச்சியில் தொங்கியது. இலையைக் காம்போடு கிள்ளி, கழுவி, உள்ளே கொண்டுபோய் அவள் வாயில் வைத்தார்.

அவள் மென்று விழுங்கினாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“லெட்டரை எரிச்சது நீங்கதானுங்களே?”

“ஆமா.”

“வாத்தியார் வேலை லெட்டரு.”

“ஆமா சாரதா.”

“சொல்லிட்டீங்க,” என்றாள் அவள். அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்து அகல்யா வந்தாள். அப்பாவின் எதிரே உட்கார்ந்து, “நான் பொறந்த நாளைச் சொல்லுங்க,” என்றாள். அவர் சொன்னார். நர்சம்மாளின் கண்ணாடி வளையல் நிறம் முதற்கொண்டு, முதல் அழுகை வரை, ஒன்று விடாமல் அவள் அம்மாவின் உள்ளிருந்து சொன்னார். குழந்தையைப் பார்த்து லெட்டரைப் பற்றி அவள் நினைத்ததைச் சொன்னபோது அகல்யா வாயைப் பொத்திக்கொண்டாள். தன் காலேஜ் வேலைக்கான கடிதம் வரவிருந்த வாரம், அம்மா மூன்று நாள் வெயிலில் வாசற்படியிலேயே நின்றது அவளுக்கு நினைவிருந்தது. அப்பாவை அவள் மன்னிக்கவில்லை. அதை அவரிடமே சொல்லவும் சொன்னாள். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நோட்டோடு வந்து அவர் தின்ற நாட்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்கிறாள். சாரதாமணியும் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ ஒரு பெண்ணின் கதை என்று ரசித்துக் கேட்பாள். கந்தவேல் சகாயம்மாளிடமும் போய் ஆட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, “அது ஒரு இலைகூடத் திங்கலைன்னு எனக்குத் தெரியுமுங்ணா,” என்றாள்.

இந்த வருடம் சாரதாமணிக்கு மேட்டூரும் போய்விட்டது. போகாதென்று நினைத்த நாட்களும் ஒன்றிரண்டாகப் போகின்றன. அகல்யா அதையும் தேதி போட்டுக் குறித்து வைக்கிறாள். கணவன், மகள், தெரு, தன் பெயர் எதுவும் இப்போது அவளிடம் இல்லை. போகாமல் நிற்பது, லெட்டர் விஷயத்தை அவர் சொன்ன அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். எனவே வீட்டில் அவளுக்குத் தெரிந்த மனிதர் ஒருவர் இருக்கிறார். சிலிண்டர் போட வருபவரிடம்கூட அவரை அந்த விவரத்தோடுதான் அறிமுகப்படுத்துகிறாள். தெருவுக்கும் அது பழகிவிட்டது, கந்தவேலுக்கும் பழகிவிட்டது. காலையில் அவர் காப்பியோடு போய் நின்றால் அவள் முகம் மலர்கிறது.

“வாங்க, லெட்டரை எரிச்சவரே,” என்கிறாள். “நின்னுட்டே இருக்கறீங்க, உக்காருங்க.”

அவர் உட்காருகிறார்.